ஒரே கணினியில் தமிழ், சிங்களம், ஆங்கிலம்: எழுத்துப்பிழை பார்க்கும் அகராதிகளைச் சேர்ப்பது எப்படி

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கும் சிறிய அச்சகத்தில் 19 வருடமாகத் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்து வருகிறேன். கலியாண அழைப்பிதழ், தேர்த் திருவிழா நோட்டீஸ், கடை வாசலில் ஒட்டும் அறிவித்தல், பாடசாலை மலர் என்று எல்லாம் வரும். எனக்கு அதிகம் பயம் தருவது, இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கில் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம்தான். 31ஆம் நாளுக்குள் முடிக்க வேண்டும். வீட்டுக்காரர் அழுத கண்ணோடு எழுதித் தந்ததைத் தட்டச்சு செய்வோம். அந்தப் புத்தகம் அவர்கள் வீட்டு அலுமாரியில் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு கல்வெட்டு செய்தோம். குடும்பத்தாரே பாதிப் பகுதியைப் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பென்டிரைவில் கொண்டுவந்திருந்தார்கள். அதை எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு முறைக்கு மாற்றி, பக்கம் கட்டி, திரையில் காட்டி, சம்மதமும் வாங்கியாயிற்று. கடைசி இரவு தலைப்புகளுக்கு மட்டும் வேறு எழுத்துரு வேண்டும் என்று கேட்டார்கள். மாற்றி அச்சுக்குக் கொடுத்தோம். காலையில் மூத்த மகன் முதல் பிரதியைத் திறந்தார். "பிள்ளை, அப்பான்ர பேருக்கு முன்னால இதென்ன வட்டம்?" என்று கேட்டார். "அமரர்" என்று தலைப்பில் வந்த இடமெல்லாம், கடைசி ர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காலும் புள்ளிகளால் ஆன ஒரு சிறு வட்டமும் நின்றன.

என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். எழுத்துப்பிழை பார்க்கும் வசதி அன்று அந்தக் கணினியில் தமிழுக்கு இருந்திருந்தால், அச்சுக்குப் போகும் முன்பே அந்தச் சொல்லின் கீழெல்லாம் சிவப்புக் கோடு விழுந்திருக்கும். அன்று இருந்தது ஆங்கிலத்துக்கு மட்டும். அந்தக் கிழமையே மூன்று மொழிக்கும் அகராதி போட உட்கார்ந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொழும்பில் ஒரு கணினியை வைத்து வேலை செய்கிறவர் எவருக்கும் மூன்று மொழியும் வேண்டும். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆகியது, ஆங்கிலம் இணைப்பு மொழி. ஒரு சாதாரண அறிவித்தல்கூட மூன்று மொழியில்தான் எங்களிடம் வருகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். விசைப்பலகை சேர்ப்பது வேறு, அகராதி சேர்ப்பது வேறு. "எனக்குத் தமிழில் அடிக்க முடிகிறது, ஆனால் பிழை காட்டுவதில்லை" என்று பலர் கேட்கிறார்கள். அடிப்பதற்கு விசைப்பலகை போதும். பிழை காட்டுவதற்கு, எது சரியான சொல் என்று தெரிந்த ஓர் அகராதி கணினிக்குள் இருக்க வேண்டும். அந்த அகராதியும் எல்லாருக்கும் பொதுவாக ஒரே இடத்தில் இருப்பதில்லை. விண்டோஸ் தனக்கென்று ஒன்று வைத்திருக்கும். வேர்ட் தனக்கென்று வேறொன்று. வேர்டைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸும், ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் தங்கள் தங்கள் பாட்டில் வைத்திருக்கும். ஆகவே "கணினியில் தமிழ் போட்டுவிட்டேனே, வேர்டில் ஏன் வேலை செய்யவில்லை" என்று மலைக்கத் தேவையில்லை. நீங்கள் எழுதும் மென்பொருள் எதுவோ அதற்குள் போய்ச் சேர்க்க வேண்டும்.

விண்டோஸ் 11இல் தொடங்குவோம். செட்டிங்ஸைத் திறந்து "டைம் அண்ட் லாங்குவேஜ்", அதற்குள் "லாங்குவேஜ் அண்ட் ரீஜன்". அங்கே "ஆட் எ லாங்குவேஜ்" என்ற பொத்தானை அழுத்தினால் பெரிய பட்டியல் வரும். தேடும் கட்டத்தில் தமிழ் என்று போட்டால் நாட்டின் பெயரோடு ஒன்றுக்கு மேற்பட்ட தமிழ் தெரியும். நான் "இந்தியா" என்று இருப்பதையே எடுக்கிறேன், ஏனென்றால் தட்டச்சு வசதிகள் அதோடு சேர்ந்து இறங்குகின்றன. நாட்டின் பெயரைப் பார்த்து மனம் சங்கடப்படத் தேவையில்லை. நம்முடைய சொற்களை எப்படி உள்ளே கொண்டுவருவது என்பதைக் கீழே சொல்லியிருக்கிறேன். அடுத்த திரையில் அதை விண்டோஸின் காட்சி மொழியாக்கவா என்று ஒரு கட்டம் கேட்கும். அதில் சரி போடாமல் விடுங்கள். போட்டால் மெனுக்கள் எல்லாம் தமிழாகிவிடும், இந்தக் குறிப்பைப் பின்தொடர்வது கடினமாகும். இதே மாதிரி சிங்களத்தையும் சேருங்கள். ஆங்கிலத்துக்கு அமெரிக்க ஆங்கிலம்தான் ஏற்கெனவே இருக்கும். நம் பாடசாலைகளிலும் கந்தோர்களிலும் எழுதுவது பிரித்தானிய ஆங்கில எழுத்துக்கூட்டு, ஆகவே "யுனைட்டட் கிங்டம்" என்று இருப்பதையும் சேர்த்துவிடுங்கள்.

இறங்கி முடிந்ததும் மொழியின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி "லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்" போய்ப் பாருங்கள். "பேசிக் டைப்பிங்" என்று ஒரு வரி இருந்து, அது நிறுவப்பட்டதாகக் காட்டினால்தான் அகராதி வந்திருக்கிறது. அது இல்லாமல் விசைப்பலகை மட்டும் இருந்தால் விண்டோஸ் அந்த மொழியில் பிழை பார்க்காது. விசைப்பலகையை மாற்றவும் அதே பக்கம்தான். ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ விண்டோஸ் விசையையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

அப்புறம் "டைம் அண்ட் லாங்குவேஜ்" உள்ளேயே "டைப்பிங்" என்ற பகுதி இருக்கிறது. அதில் இரண்டு ஆளிகள்: பிழையான சொல்லைக் கோடிட்டுக் காட்டுவது ஒன்று, தானே திருத்திவிடுவது மற்றது. முதலாவதைப் போடுங்கள். இரண்டாவதை நிறுத்திவிடுங்கள். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் நிறைந்த எங்கள் வேலையில், கேட்காமல் திருத்தும் கணினி ஆபத்தானது. கோடு போட்டால் நான் பார்த்து முடிவு செய்வேன். அது தானாகவே மாற்றிவிட்டால் எனக்குத் தெரியவே வராது.

வேர்டுக்கு வருவோம். "ஃபைல்", "ஆப்ஷன்ஸ்", "லாங்குவேஜ்" என்று போனால் எழுதுவதற்கும் பிழை பார்ப்பதற்குமான மொழிகளின் பட்டியல் தனியாக இருக்கும். அதில் தமிழையும் சிங்களத்தையும் சேர்த்ததும் பக்கத்தில் "ப்ரூஃபிங்" நிறுவப்பட்டதா, அல்லது இறக்கிக்கொள்ளக் கிடைக்கிறதா என்று காட்டும். கிடைக்கிறது என்றால் அந்த இணைப்பை அழுத்தி இறக்கிக்கொண்டு, வேர்டை மூடித் திறக்க வேண்டும். பிறகு ஆவணத்தில் தமிழ்ப் பகுதியை மட்டும் தெரிவு செய்து "ரிவியூ", "லாங்குவேஜ்", "செட் ப்ரூஃபிங் லாங்குவேஜ்" வழியாகத் தமிழைக் கொடுங்கள். அந்தச் சிறு சாளரத்தில் "எழுத்துப்பிழை பார்க்காதே" என்ற பொருளில் ஒரு கட்டம் உண்டு. வெளியிலிருந்து வரும் ஆவணங்களில் அதில் சரி போடப்பட்டிருப்பதைப் பல தடவை கண்டிருக்கிறேன். அகராதி எல்லாம் சரியாக இருந்தும் ஒரு சிவப்புக் கோடுகூட வரவில்லையென்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். முழு ஆவணத்தையும் ஒரேயடியாகத் தெரிவு செய்து தமிழ் என்று கொடுக்காதீர்கள். மும்மொழி அறிவித்தலில் அப்படிச் செய்தால் மற்ற இரு மொழிகளுக்கும் இருந்த குறிப்பு போய்விடும்.

ஒட்டும்போதும் இதே தொல்லைதான். நீங்கள் தமிழ் விசைப்பலகையில் அடித்தால் வேர்ட் அதைப் பார்த்துத் தமிழ் என்று குறித்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் அது எந்த மொழி என்று அதற்குச் சொல்ல ஆளில்லை. கீழே நிலைப்பட்டையில் மொழியின் பெயர் தெரியும். ஒட்டியவுடன் அதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

லிப்ரே ஆபிஸ்: நான் அதிகம் நம்பும் இடம்

கல்வெட்டுகளின் எழுத்தையெல்லாம் முதலில் லிப்ரே ஆபிஸில் வைத்துத்தான் சுத்தம் செய்கிறேன். காசு இல்லை என்பது ஒரு காரணம். பெரிய காரணம், அதன் அகராதி எப்படி வேலை செய்கிறது என்பதை நாம் பார்க்க முடியும், நம் சொற்களை அதற்குள் ஒழுங்காகப் போடவும் முடியும்.

உள்ளே இருப்பது ஹன்ஸ்பெல் என்ற பிழைதிருத்தி. ஃபயர்ஃபாக்ஸிலும் அதே ஹன்ஸ்பெல்தான். அதை உருவாக்கியவர் லாஸ்லோ நேமெத் என்ற ஹங்கேரியர். ஹங்கேரிய மொழியும் நம் தமிழைப்போல ஒரு சொல்லின் வாலில் உருபுகளை ஒட்டிக்கொண்டே போகும் மொழி. ஆகவே எல்லா வடிவத்தையும் வரிசையாக எழுதிவைக்கும் அகராதி அவருக்குப் பயன்படவில்லை. ஹன்ஸ்பெல் அகராதி இரண்டு கோப்பாக இருக்கும். டிக் என்று முடியும் கோப்பில் வேர்ச்சொற்கள். அஃப் என்று முடியும் கோப்பில் விதிகள். "வீடு" என்ற சொல் முதல் கோப்பில் ஒரு தடவைதான் இருக்கும். கடைசி "டு"வை எடுத்துவிட்டு "ட்டை" போடு, "ட்டில்" போடு, "ட்டுக்கு" போடு என்று விதி சொன்னால் வீட்டை, வீட்டில், வீட்டுக்கு எல்லாம் சரியென்று அதற்குப் புரியும். நாடு, காடு, மாடு என்ற சொற்களுக்கும் அதே விதியைச் சுட்டினால் போதும். தமிழுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று முதன்முதலில் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்த நாளில் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

சேர்க்கும் முறை இதுதான். "டூல்ஸ்", "ஆப்ஷன்ஸ்" போய் மொழிக்கான பகுதியைத் திறவுங்கள். ஆவணங்களுக்கான இயல்பு மொழி என்று சில கட்டங்கள் இருக்கும். மேற்கத்திய எழுத்துக்கு ஒன்று, ஆசிய எழுத்துக்கு ஒன்று, "காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்" என்று மூன்றாவது. நம் தமிழ் இந்த மூன்றாவதில் வரும். ஆசிய என்ற கட்டத்தில் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், அது சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றுக்கானது. மூன்றாவது கட்டத்தில் சரி போட்டுப் பட்டியலை இறக்கினால், சில மொழிப் பெயர்களுக்கு முன்னால் ஏ, பி, சி எழுத்துகளும் ஒரு சரிக்குறியும் சேர்ந்த சின்னப் படம் தெரியும். அந்தப் படம் இருந்தால் அந்த மொழிக்கு அகராதி உள்ளே இருக்கிறது. தமிழுக்கு முன்னால் அது இல்லையென்றால் லிப்ரே ஆபிஸின் நீட்சிகள் பக்கத்தில் தமிழ் அகராதியைத் தேடி இறக்குங்கள். ஓஎக்ஸ்டி என்று முடியும் ஒரு கோப்பு வரும். அதை இரண்டு தடவை கிளிக் செய்தால் லிப்ரே ஆபிஸே திறந்து நிறுவிக்கொள்ளும். மூடித் திறந்து பட்டியலைத் திரும்பப் பாருங்கள். சிங்களத்துக்கும் இதே முறை. எழுதும்போதே கோடு விழ வேண்டுமென்றால் ஷிஃப்டோடு எஃப்7. முழு ஆவணத்தையும் ஒன்றொன்றாகப் பார்க்க எஃப்7 மட்டும்.

இனி நம் ஊருக்கே உரிய சிக்கல். ஒரே பந்தியில் ஆங்கிலமும் தமிழும் கலந்து வந்தால் லிப்ரே ஆபிஸ் எழுத்தைப் பார்த்தே எது எது என்று பிரித்துவிடும், ஏனென்றால் அவை இரண்டும் வெவ்வேறு கட்டத்தில் இருக்கின்றன. ஆனால் தமிழும் சிங்களமும் இரண்டுமே அந்த மூன்றாவது கட்டத்துக்குள்தான் வருகின்றன. அதில் தமிழ் என்று வைத்தால் சிங்களப் பந்தி முழுக்கச் சிவப்பாகும், சிங்களம் என்று வைத்தால் தமிழ் சிவப்பாகும். இதற்கு நான் கண்ட நல்ல வழி பந்திப் பாணிகள்தான். "தமிழ்ப் பந்தி", "சிங்களப் பந்தி" என்று இரண்டு பாணி செய்து, ஒவ்வொன்றின் எழுத்துருப் பக்கத்திலும் அந்த மொழியைக் குறித்துவிட்டேன். எழுத்துரு, அளவு, மொழி மூன்றும் ஒன்றாக மாறுவதால் ஒரு அறிவித்தலைப் பிரித்துக் கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அதை ஒரு டெம்ப்ளேட்டாகச் சேமித்து வைத்திருக்கிறேன்.

சிங்களத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். "ஸ்ரீ லங்கா" என்று சிங்களத்தில் எழுதும்போது, முதலெழுத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி இருக்கிறது. பிடிஎஃப்பிலிருந்தோ பழைய மென்பொருளிலிருந்தோ நகலெடுக்கும்போது அது உதிர்ந்துபோகலாம். அப்போது எழுத்து இரண்டாகப் பிரிந்து நிற்கும். சிங்களம் மெல்லமாக வாசிக்கிற என் கண்ணுக்கு அது உடனே படாது. அகராதி காட்டிக்கொடுக்கிறது. ஆனாலும் சிங்களப் பக்கத்தை அச்சுக்கு முன் பக்கத்துக் கடை அக்காவிடம் ஒரு தடவை வாசிக்கக் கொடுக்காமல் நான் விடுவதில்லை.

பாமினியில் வந்த ஆவணங்கள்

இங்கேதான் அந்த வட்டத்தின் கதை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கணினிக்குள் இருப்பது தமிழ் அல்ல, ஆங்கில எழுத்துகள். "தமிழ்" என்று திரையில் தெரிவதன் அடியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, இவ்வளவுதான் இருக்கின்றன. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது. ஆகவே எந்தத் தமிழ் அகராதியாலும் அதைச் சோதிக்க முடியாது. பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் அகராதியைக் குறை சொல்வதற்கு முன், எழுத்துருப் பெயரைப் பாருங்கள். பாமினி என்றிருந்தால் முதலில் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். இணையத்தில் மாற்றிகள் இருக்கின்றன.

பாமினியில் அடித்துப் பழகியவர்கள் "ர்" வேண்டுமென்றால் காலைப் போட்டு மேலே புள்ளி வைப்பார்கள். பார்க்க அது ர் போலவே இருக்கும். நல்ல மாற்றி அதைப் புரிந்துகொண்டு ர் என்று மாற்றிக் கொடுக்கும். எல்லா மாற்றியும் அப்படியல்ல. எங்களுக்கு வந்தது "அமரர்" அல்ல, "அமரா்". சில எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. வேறொரு எழுத்துருவுக்கு மாற்றியதும், மெய்யெழுத்து இல்லாமல் தனியாக நிற்கும் புள்ளியை வைக்க இடமில்லாமல் அது ஒரு வட்டம் போட்டுக் காட்டிவிட்டது. அன்று 200 பிரதிகளின் அட்டையையும் எட்டுப் பக்கங்களையும் திரும்ப அடித்தோம். அந்த மகன் எங்களை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கதிரையில் இருந்து அப்பாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்கு இன்றுவரை மனதில் இருக்கிறது.

ஆகவே மாற்றிய கோப்பில் அகராதியை ஓடவிடுவதற்கு முன் மூன்றை மாற்றிவிடுங்கள். "ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்" திறந்து, காலும் புள்ளியும் சேர்ந்து வரும் இடமெல்லாம் ர் ஆக்குங்கள். "ஒள" என்று ஒ எழுத்தும் ள எழுத்தும் தனித்தனியாக வந்திருந்தால் "ஔ" என்ற ஒரே எழுத்தாக்குங்கள், ஔவையார் என்ற பெயரில் இது அடிக்கடி அகப்படும். மூன்றாவது, கௌரி, மௌனம் போன்ற சொற்களில் ஒற்றைக் கொம்பும் தனி ள எழுத்தும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். "ஒளி" என்ற சொல்லில் ஒ எழுத்துக்குப் பின் வருவது உண்மையாகவே ள தான். "வெள்ளவத்தை", "வெள்ளி" என்று கொம்புக்குப் பின் உண்மையாகவே ள வரும் சொற்கள் ஏராளம். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

நம் சொற்களைச் சேர்ப்பது

அகராதியைப் போட்டு முதல் கல்வெட்டைத் திறந்தபோது பக்கம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். "புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும் கொழும்பு வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட" என்று எல்லாக் கல்வெட்டிலும் வரும் வரிதான். ஊர்ப் பெயர் ஒவ்வொன்றின் கீழும் கோடு. பெப்ரவரி, ஒக்டோபர், அவுஸ்திரேலியா, கிராம உத்தியோகத்தர், அந்தியேட்டி, எல்லாவற்றுக்கும் கோடு. எங்கள் கடையில் வேலை பழகிய தம்பி ஒருவர் அதைப் பார்த்துவிட்டுப் பெப்ரவரியைப் பிப்ரவரி என்று திருத்தத் தொடங்கினார். அவரை நிறுத்தினேன். பெப்ரவரி பிழையல்ல, இலங்கையில் நாம் அப்படித்தான் எழுதுகிறோம். அந்த அகராதியைத் தொகுத்தவர்களின் கையில் நம் பத்திரிகைகளும் நம் பாடநூல்களும் போதுமான அளவுக்கு இருக்கவில்லை, அவ்வளவுதான். சிவப்புக் கோட்டுக்கு அர்த்தம் "இந்தச் சொல் எனக்குத் தெரியாது" என்பது. தெரியாததைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நாம்.

லிப்ரே ஆபிஸில் "ஆப்ஷன்ஸ்", மொழிப் பகுதி, "ரைட்டிங் எய்ட்ஸ்" என்று போங்கள். பயனர் அகராதிகள் என்ற பட்டியலுக்குப் பக்கத்தில் "நியூ" இருக்கும். ஒரு பெயர் கொடுத்து, மொழியாகத் தமிழைத் தெரிவு செய்யுங்கள். எல்லா மொழிக்கும் பொது என்று விட்டுவிடாதீர்கள், காரணம் அடுத்த பந்தியில். என்னுடையதற்குக் "கொழும்பு" என்று பெயர் வைத்திருக்கிறேன். பிறகு கோடு விழும் சொல்லின் மேல் வலது கிளிக் செய்து, அகராதியில் சேர் என்பதற்குள் அந்தப் பெயரைத் தெரிவு செய்தால் சொல் அங்கே போய்விடும்.

இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்தால் மருதானை சரியாகும், மருதானையில் திரும்பச் சிவப்பாகும், மருதானையிலிருந்து அதற்கும் சிவப்பாகும். தமிழில் இது முடிவில்லாத வேலை. இதற்கு லிப்ரே ஆபிஸ் 6.0 முதல் ஓர் அருமையான வழி இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. மொழி குறித்த பயனர் அகராதியைத் தெரிவு செய்து "எடிட்" அழுத்தினால், சொல்லுக்குப் பக்கத்தில் "கிராமர் பை" என்று இன்னொரு கட்டம் இருக்கும். இந்தப் புதிய சொல் எந்தப் பழைய சொல்லைப்போல வேற்றுமை ஏற்கும் என்று அங்கே எழுதலாம். மருதானைக்கு "யானை" என்று கொடுத்தேன். யானையில், யானைக்கு, யானையிலிருந்து என்று அகராதிக்குத் தெரிந்த வடிவங்களெல்லாம் மருதானைக்கும் வந்துவிட்டன. கொழும்புக்குக் "கரும்பு". பம்பலப்பிட்டிக்குப் "பெட்டி". வெள்ளவத்தைக்கு "அத்தை". பொரளைக்கு முதலில் "தவளை" கொடுத்துப் பார்த்தேன், சரியாக வந்தது. மாதிரிச் சொல் அந்தத் தமிழ் அகராதியில் விதியோடு இருந்தால்தான் இது பலிக்கும். ஒன்று சரிவரவில்லையென்றால் அதே ஓசையில் முடியும் இன்னொரு சாதாரணச் சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். ஓசை ஒத்துப்போகும் சொல்லைத் தேடும்போது தமிழின் இலக்கணம் எவ்வளவு ஒழுங்கானது என்று தெரிகிறது. என் மகளுக்கு இப்படித்தான் வேற்றுமை உருபு சொல்லிக்கொடுத்தேன்.

இன்னொரு வகை அகராதியும் அங்கே செய்யலாம். புதிய அகராதி செய்யும்போது "எக்செப்ஷன்" என்ற கட்டத்தில் சரி போட்டால், அதில் இருக்கும் சொற்களையெல்லாம் பிழை என்று அது கோடிடும். பதிலாக எது வேண்டும் என்றும் எழுதிவைக்கலாம். நான் அதில் பிப்ரவரியைப் போட்டுப் பதிலுக்குப் பெப்ரவரி என்று வைத்திருக்கிறேன். ஒரே புத்தகத்தில் இரண்டும் கலந்து வராது.

வேர்டில் "ஃபைல்", "ஆப்ஷன்ஸ்", "ப்ரூஃபிங்", "கஸ்டம் டிக்ஷனரிஸ்" வழியாகச் சொந்தப் பட்டியல் வைக்கலாம். அங்கே மாதிரிச் சொல் கொடுக்கும் வசதி இல்லை, அதனால் அடிக்கடி வரும் வடிவங்களைத் தனித்தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். "வெள்ளவத்தையை" என்பதும் "வெள்ளவத்தையைப்" என்பதும் அதற்கு வேறு வேறு சொல்.

உலாவியில் செய்வது சுலபம். ஃபயர்ஃபாக்ஸில் எழுதும் பெட்டிக்குள் வலது கிளிக் செய்து "லாங்குவேஜஸ்", "ஆட் டிக்ஷனரிஸ்" என்று போனால் அகராதிகளின் பக்கம் திறக்கும். 2022இல் வந்த 100ஆவது பதிப்பிலிருந்து ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிக்குச் சரி போட்டு வைக்கலாம். குரோமில் செட்டிங்ஸுக்குள் "லாங்குவேஜஸ்", "ஸ்பெல் செக்". அங்கே "பேசிக்", "என்ஹான்ஸ்ட்" என்று இரண்டு. இரண்டாவதைத் தெரிவு செய்தால் நீங்கள் அடிப்பது கூகுளுக்குப் போய்ச் சோதிக்கப்படும். எங்களிடம் மக்கள் தங்கள் வீட்டு விஷயம், நோய், காணி வழக்கு எல்லாம் சொல்லிக் கடிதம் எழுதுவிக்கிறார்கள். நான் "பேசிக்" மட்டும்தான் வைத்திருக்கிறேன்.

மாக் வைத்திருப்பவர்கள் ஹன்ஸ்பெலின் அந்த இரண்டு கோப்புகளையும் தங்கள் லைப்ரரிக்குள் இருக்கும் "ஸ்பெல்லிங்" என்ற ஃபோல்டரில் போட்டுவிட்டு, விசைப்பலகை அமைப்பில் எழுத்துப்பிழைப் பட்டியலைத் திறந்து மொழியைச் சரி போட்டால் போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் தப்பிவிடும் பிழைகளைச் சொல்லாமல் விடக்கூடாது. "ஆசி அளிக்கும்படி வேண்டுகிறோம்" என்ற வரியில் ளி போய் ழி வந்தால் "ஆசி அழிக்கும்படி" ஆகிவிடும். இரண்டும் அகராதியில் இருக்கும் சொல், கோடு விழாது. மணமும் மனமும் அப்படி, அரமும் அறமும் அப்படி. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் வர வேண்டிய க், ச், த், ப் பற்றியும் ஹன்ஸ்பெல்லுக்குக் கவலையில்லை, அது ஒவ்வொரு சொல்லையும் தனியாகத்தான் பார்க்கும். இந்தச் சந்திக்கு, நீச்சல்காரன் என்ற பெயரில் எழுதுபவர் உருவாக்கிய நாவி என்ற கருவி இணையத்தில் இருக்கிறது, எழுத்துப்பிழைக்கு அவருடைய வாணியும் இருக்கிறது. இரண்டையும் நான் பயன்படுத்துகிறேன். ஆள் பெயர்களுக்கு எந்தக் கருவியும் இல்லை. பெயர்களை மட்டும் தனித்தாளில் பெரிய எழுத்தில் அடித்து, வீட்டிலிருந்து இரண்டு பேரை வாசிக்கச் சொல்லிக் கையொப்பம் வாங்குகிறேன்.

கடைசியாக, சேர்த்த சொற்களைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். என் "கொழும்பு" அகராதியில் இப்போது முந்நூற்றுக்கு மேல் சொற்கள் இருக்கின்றன, அத்தனையும் ஏதோ ஒரு கல்வெட்டிலிருந்தோ அழைப்பிதழிலிருந்தோ வந்தவை. லிப்ரே ஆபிஸ் அவற்றை உங்கள் பயனர் ஃபோல்டருக்குள், "ஆப்டேட்டா", "ரோமிங்", "லிப்ரே ஆபிஸ்", "4", "யூசர்", "வேர்ட்புக்" என்ற வழியில் வைத்திருக்கும். "ஆப்டேட்டா" மறைந்திருந்தால், மறைந்த ஃபோல்டர்களைக் காட்டும் வசதியைப் போட வேண்டும். சனிக்கிழமை கடை பூட்டும் முன் லிப்ரே ஆபிஸை முழுக்க மூடிவிட்டு அந்த "வேர்ட்புக்" ஃபோல்டரைப் பென்டிரைவில் நகலெடுக்கிறேன். போன வருடம் பழைய கணினி எரிந்தபோது, புதியதில் அதே இடத்தில் ஒட்டினேன். கொட்டாஞ்சேனை அம்மா ஒருவரின் கல்வெட்டைத் திறந்தேன், ஊர்ப் பெயர் ஒன்றின் கீழும் கோடு இல்லை.